பாலத்துக்குப் பதில் தாம்பூலம்

முன்பொரு காலத்திலே, வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன ஒரு நாட்டை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது குறை சொன்னால் மட்டும் அவருக்குத் தலைவலி வந்துவிடும். அதற்குப் பிரதானி அனந்தகோபர் ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமைதோறும் நகரத்து ஜனங்கள் சபைக்கு வந்து தங்கள் தெருவின் குறையைச் சொல்லலாம். சொன்னவுடனே பிரதானி வெள்ளித் தட்டில் தாம்பூலம் நீட்டுவார். வாங்கிக்கொண்டால் குறை தீர்ந்தது என்று சட்டம். அரண்மனைத் தாம்பூலத்தை வேண்டாமென்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? ஜனங்கள் வாய் சிவக்கத் திரும்பிப் போனார்கள். தன் நாட்டில் குறையே இல்லை என்று ராஜா பூரித்துப்போனார்.

அந்தச் சபையின் விகடகவி மாடப்பனுக்கு இந்தக் கூத்து பொறுக்கவில்லை. அதிலும் தயிர்க்காரி பேச்சாயியைப் பார்த்தால் அவன் நெஞ்சு கனத்துவிடும். அவள் தெருவுக்கு வாய்க்கால்மேல் இருந்த ஒரே மரப்பாலத்தை மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவள் தங்கை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மருத்துவச்சி இருப்பதோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

"இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்காய்யா. வலி எடுத்துட்டா அந்தம்மாவைக் கழுத்தளவு தண்ணியில எப்படிக் கூட்டியாறது? ஒவ்வொரு வாட்டியும் வெத்தலையக் குடுத்து அனுப்பிடுறாக. வீட்டுல கெடக்குற வெத்தலைக்கு ஒரு கடையே போடலாம்" என்று மாடப்பனிடம் சொல்லி அழுதாள்.

மாடப்பன் அன்றே சபையில், "மகாராஜா, தாம்பூலத்தால் எந்தக் குறையும் தீர்வதில்லை" என்று போட்டு உடைத்தான்.

பிரதானியின் முகம் கறுத்தது. வெகுநாளாக இவனை ஒழித்துக்கட்ட ஒரு சமயம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். "மகாராஜா, வரும் வெள்ளிக்கிழமை என் ஆசனத்தில் இந்த விகடகவியே அமரட்டும். கஜானாவிலிருந்து ஒரு காசு எடுக்கலாகாது. ஒருவர் குறையோடு திரும்பினாலும் இவன் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்!"

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. "சம்மதமா, மாடப்பா?"

"சம்மதம், மகாராஜா. ஆனால் தாம்பூலச் சட்டம் எல்லோருக்கும் பொதுதானே?"

"எல்லோருக்கும்தான். எனக்கும்கூட!"

வெள்ளிக்கிழமை காலையில் மாடப்பன் முதலில் போன இடம் சமையற்கட்டு. சபையில் குறைகள் தீரும்வரை அரண்மனையில் யாருக்கும் இலை போடக் கூடாது என்று, அன்றைய அதிகாரி என்ற முறையில் உத்தரவு போட்டுவிட்டு வந்து ஆசனத்தில் அமர்ந்தான்.

பேச்சாயியின் வாய்க்கால் தெருவே திரண்டு வந்திருந்தது. பாலம் இல்லாமல் பட்ட பாட்டை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கல்யாண மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நீந்திய கதையை ஒருவன் நடித்தே காட்டினான். மாடப்பன் ஆற அமரக் கேட்டான். தட்டைத் தொடவே இல்லை. உச்சிவேளை கடந்தது.

"மாடப்பா! போஜனம் ஏன் இன்னும் வரவில்லை? பசி உயிரை வாங்குகிறது!" என்றார் ராஜா.

மாடப்பன் பணிவோடு எழுந்து தட்டை நீட்டினான். பழக்கதோஷத்தில் ராஜா எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மகாராஜாவின் குறை தீர்ந்தது! அடுத்தவர் வரலாம்."

"என்ன தீர்ந்தது? நான் சாப்பிடவே இல்லையே!"

"தாம்பூலம் தரித்தாகிவிட்டதே, மகாராஜா. சாப்பிடாதவர் யாராவது தாம்பூலம் தரிப்பார்களா?"

பிரதானி துள்ளி எழுந்தார். "அக்கிரமம்! நாங்கள் பட்டினி கிடப்பதா?"

மாடப்பன் தட்டை அவர் பக்கம் திருப்பினான். வாங்கினால் பட்டினி. மறுத்தால் அவர் போட்ட சட்டமே செல்லாது. வேறு வழியில்லாமல் வாங்கி மென்றார்.

வெறும் வயிற்றில் பாக்கு சும்மா இருக்குமா? ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது, தலை கிறுகிறுத்தது. அந்த நேரம் பார்த்துப் பேச்சாயி தன் மூட்டையை அவிழ்த்தாள். வாடிய வெற்றிலை குவியலாகச் சரிந்தது.

"சாமி, இதுதான் நீங்க எங்களுக்குப் போட்டுக் குடுத்த பாலம். இதுமேல எப்படி நடக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க."

ராஜா குவியலைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த பிரதானியைப் பார்த்தார். முதலில் வெட்கம் வந்தது. பின்னாலேயே சிரிப்பும் வந்தது. "அனந்தகோபரே, பாலம் போட்ட பிறகுதான் இன்று நமக்கு இலை. எனக்கும் உமக்கும்!"

பசி வந்தால் பிரதானிக்கும் சுறுசுறுப்பு வரும். காசு எடுக்கக் கூடாதென்று அவரே நிபந்தனை போட்டிருந்ததால், அவர் வீட்டுத் தேக்கு ஊஞ்சலும் கட்டிலும்தான் கழன்று வந்தன. சபையோர் சுமந்தார்கள். ராஜாவே ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தார். பொழுது சாய்வதற்குள் பாலம் நின்றது. வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து பேச்சாயி போட்ட தயிர்ச்சோற்றை ராஜா கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றே தங்கைக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி கால் நனையாமல் வந்து சேர்ந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சாயி ஒரு மூங்கில் தட்டோடு சபைக்கு வந்தாள். தட்டில் கற்கண்டும் வெற்றிலை பாக்கும் இருந்தன. "பொம்பளப்புள்ள பொறந்திருக்கு சாமி! தாயும் புள்ளையும் நல்லாருக்காக."

ராஜா ஆசையாகக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டு மாடப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"மாடப்பா, நான் சாப்பிட்டேனா?"

"இரண்டு தடவை, மகாராஜா. தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்."

ராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாடப்பன் கழுத்தில் போட்டு, பேச்சாயியின் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்து மகிழ்ச்சியோடு வாயில் போட்டுக்கொண்டார்.