மூவர் கேட்ட பழி

தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் கேளுங்கள். ஒரு சபையே சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கதை இது.

கீழைக் கடலில் கருமணல் தீவு என்றொரு தீவு. அதன் நடுவே கனல்மலை. மலையடியில் சங்குத்துறை என்னும் ஊர். இரண்டுக்கும் இடையே ஒரு குன்றுவரிசை மறைத்து நின்றதால், மலைவாயில் நெருப்புப் பொங்குவது ஊராருக்குத் தெரியாது. தெரியும்போது தணல் தெருவுக்கு வந்திருக்கும். ஒருமுறை அப்படி வந்து பாதி ஊரை விழுங்கிய பிறகு, தீவின் தலைவன் நன்னன், தச்சர் காரியை அழைத்து, மலைவாயைக் கண்காணிக்க ஒரு கோபுரம் வேண்டும் என்றான்.

காரி ஒரு மழைக்காலம் முழுவதும் மலையிலேயே தங்கினார். முன்னோர் கட்டிய கல்மண்டபம் நிலநடுக்கத்தில் பிளந்து கிடந்தது. இரும்பைக் கந்தகக் காற்று தின்றிருந்தது. வளைந்து கொடுத்த மரங்கள்தான் தப்பியிருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்தே அவர் கோபுரத்தை வடிவமைத்தார். ஆணி இல்லை, சட்டங்களை மரமுளைகளால் பிணைத்தார். பாறையைத் தோண்டவில்லை, நிலம் அசைந்தால் கூடவே அசையட்டும் என்று கால்களைக் கல்மேல் நிறுத்த எண்ணினார். சாம்பல் சறுக்கி விழக் கூரையைச் செங்குத்தாக வைத்தார். மரம் உளுத்துப் போகாமலிருக்க மேற்புறத்தைத் தீயில் கருக்கினார். கீழிருந்து பார்ப்பவருக்கு அது இன்னொரு பாறைமுனையாகத்தான் தோன்றும்.

எல்லாம் கூடிவந்தது, இடம் ஒன்றைத் தவிர.

“தலைவரே, கோபுரம் நிலைக்கக்கூடிய இடத்திலிருந்து மலைவாய் தெரியவில்லை. தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். மலை பொங்கினால் அங்கே கோபுரம் தப்பாது” என்றார் காரி.

“தெரிகிற இடத்திலேயே கட்டும்” என்றான் நன்னன்.

காவலுக்கு எயினன் என்பவன் தானாக முன்வந்தான். காரி அவனிடம் ஒளிக்கவில்லை. “கால்கள் புகையத் தொடங்கினால் இறங்கி ஓடிவிடு, எயினா. அதற்கு மேல் அது நிற்காது” என்றார். எயினன் தன் மனைவி வெண்ணிக்கும் அதையே வாக்காகக் கொடுத்தான்: “கால் புகைந்தால் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவேன்.” நன்னனோ வேறொரு வாக்கு வாங்கினான். மலை பொங்கினால் கோபுரத்திலிருந்து அவன் முரசறைய வேண்டும், அது கேட்டதும் ஊரார் கடலோரத்து மேட்டுமுனைக்கு ஓடவேண்டும். எல்லோரும் போய்ச் சேர்ந்ததும் பச்சிலையை எரித்து வெள்ளைப் புகை எழுப்புவார்கள். அதைக் காணும்வரை முரசு ஓயக்கூடாது. எயினன் அதற்கும் தலையாட்டினான். இரண்டு வாக்கும் ஒரே நாளில் மோதும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு முற்பகலில் மலை பொங்கியது. தளர்ந்த முளைகளை இறுக்க வந்திருந்த காரி அப்போது கோபுரத்தின் அடியில் இருந்தார். மேலே எயினன் முரசை அறைந்தான். அறைந்துகொண்டே இருந்தான். சாம்பல் வானத்தை மூடியது. கடல் இருந்த பக்கமே தெரியவில்லை. தீக்குழம்பு பாறையிடுக்குகளில் ஊர்ந்து வந்து கோபுரத்தின் ஒரு காலைத் தொட்டது. கால் புகைந்தது.

“இறங்கு!” என்று கத்தினார் காரி.

“வெள்ளைப் புகை தெரியவில்லையே, தச்சரே!”

“இந்தப் புகையில் அது எப்படியடா தெரியும்? இறங்கு!”

“தெரியாமல் நிறுத்தமாட்டேன். நீங்கள் போங்கள்!”

இரண்டாவது காலும் பற்றியது. காரி கோபுரம் நின்ற குன்றின் விளிம்புக்கு ஓடினார். கீழே சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்தார். “தெரிகிறது, எயினா! வெள்ளைப் புகை தெரிகிறது! எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!” என்றார்.

எயினன் நம்பினான். கோலைப் போட்டுவிட்டு இறங்கினான். இருவரும் பாதையின் முதல் வளைவைத் தாண்டும் முன்பே கோபுரம் சாய்ந்து, முரசோடு தணலில் மறைந்தது.

அப்போது ஊராரில் பெரும்பாலோர் மேட்டுமுனையை அடைந்திருந்தார்கள். உப்பளத் தெருவார் மட்டும் பாதி வழியில் இருந்தார்கள். முரசு நின்றது. “ஆபத்து நீங்கிவிட்டது போலிருக்கிறது” என்றார் ஒருவர். அந்தக் கூட்டத்தில்தான் வெண்ணியும் இருந்தாள். “அவர் இறங்கிவிட்டார். நேரே வீட்டுக்குத்தான் வருவார்” என்று சொல்லித் திரும்பி நடந்தாள். கட்டிப்போட்ட மாடுகளை நினைத்துச் சிலரும் அவள் பின்னே போனார்கள். தணல் அவர்களைத் தெருவிலேயே பிடித்துக்கொண்டது.

சாம்பல் அடங்கியபின் சபை கூடியது. குற்றம் சாட்ட யாரும் எழவில்லை. பழியைக் கேட்டு மூவர் எழுந்தார்கள்.

“நிலைக்காத இடத்தில் கட்டச் சொன்னவன் நான். பழி என்னுடையது” என்றான் நன்னன்.

“காணாத புகையைக் கண்டதாகச் சொன்னேன். முரசை நிறுத்தியது என் பொய். பழி எனக்கே” என்றார் காரி.

“கோலைக் கீழே போட்டது என் கை” என்று மட்டும் சொன்னான் எயினன்.

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: அந்த உயிர்களின் பழி இம்மூவரில் யாரைச் சேரும்?

விடை: காரியின் பொய் யாரையும் கொல்லவில்லை. அவர் உண்மையே பேசியிருந்தாலும் அடுத்த சில நொடிகளில் கோபுரம் விழுந்து முரசு நின்றிருக்கும். கூடவே எயினனும் போயிருப்பான். தச்சர் சொல்லை நம்பியது எயினனின் குற்றமல்ல. இடத்தைத் தேர்ந்ததும் நன்னனின் குற்றமல்ல. அந்த இடம் இல்லையென்றால் ஊரில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். ஆனால் கோபுரம் விழும் என்று நன்னனுக்குத் தெரியும், காரிக்கும் தெரியும். விழுந்தால் முரசு நிற்கும் என்பது தெரியாமல் இருந்திருக்காது. முரசு நின்றாலும் ஓடிக்கொண்டே இருங்கள் என்று ஊராரிடம் அவர்கள் ஒரு சொல் சொல்லவில்லை. ஆகவே பழி அவ்விருவருக்கும் சமம். சபையும் முடிவில் இப்படித்தான் சொன்னது. அதைக் கேட்டு எயினன் தலையை நிமிர்த்தி, “எனக்கும்தானே தெரியும்? வெண்ணியிடம் நானாவது சொல்லியிருக்கலாமே” என்றான். சபையே தலைகுனிந்தது.