எரிந்து முடிந்த புல்வெளி

ஒரு மலைச்சரிவுக் காட்டில் மான், முயல், முள்ளம்பன்றி மூன்றும் அருகருகே வாழ்ந்து வந்தன. மானுக்குத் தன் கால்களில் அபார நம்பிக்கை. முயலுக்கு எதைக் கண்டாலும் பயம். முள்ளம்பன்றி மெதுவாகத்தான் நடக்கும். நின்று நின்று பார்க்கும்.

கோடைக்காலம். ஒரு நாள் நண்பகலில், அடிவாரப் புல்வெளியில் தீப்பிடித்தது. காற்று அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது.

"உச்சிக்கு ஓடுங்கள்!" என்று கத்திக்கொண்டே மான் மேலே பாய்ந்தது.

முயல் ஓடவில்லை. கண்கள் விரிய, கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்துவிட்டது.

முள்ளம்பன்றி புகையைப் பார்த்தது. பிறகு இடப்பக்கம் இருந்த வறண்ட ஓடையைப் பார்த்தது. அதில் மணலும் கல்லும்தான் கிடந்தன. ஒரு புல் கூட இல்லை.

"மானே, நில். தீயும் மேலேதான் வருகிறது. அதை உன்னால் முந்த முடியாது" என்றது.

மான் கேட்கவில்லை. பத்துத் தாவல்தான் தாவியிருக்கும்; எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு பொறி விழுந்து, எதிரே இருந்த புதர் குப்பென்று பற்றியது. மான் திரும்பி ஓடி வந்தது.

"இப்போது எங்கே போவது?"

"ஓடை வழியாகக் கீழே. புல்வெளி எரிந்து முடிந்துவிட்டது. இனி அங்கே எரிய என்ன இருக்கிறது?"

"முயலே, ஓடு, ஓடு" என்று மான் பதறியது. முயல் அசையவில்லை.

முள்ளம்பன்றி அதன் அருகே சென்றது. "முயலே, ஓட வேண்டாம். ஒரே ஒரு அடி எடுத்து வை."

முயல் ஓர் அடி வைத்தது.

"இன்னொன்று. என் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வா."

அனல் ஒருபுறம் அடிக்க, இருமிக்கொண்டே மூன்றும் ஓடையில் இறங்கின. தீ அவற்றைக் கடந்து உச்சியை நோக்கிப் போயிற்று. கடைசியில் அவை கருகிய புல்வெளியில் வந்து நின்றன.

"நாம் உயிரோடு இருக்கிறோமா?" என்று முயல் கேட்டது.

"கால் சுடுகிறதா?" என்றது முள்ளம்பன்றி.

"சுடுகிறது."

"அப்படியானால் இருக்கிறோம்."

முயல் அப்போதுதான் நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்தோடு சிரிக்கவும் செய்தது.

"உனக்குப் பயமே இல்லையா?" என்று மான் முள்ளம்பன்றியிடம் கேட்டது.

"இல்லாமலா? முள்ளெல்லாம் இன்னும் சிலிர்த்துக்கொண்டுதான் நிற்கிறது. எனக்கு ஓட வராது. அதனால் பார்த்தேன்."

நீதி: ஆபத்தில் வேகமான காலைவிட நிதானமான கண்ணே உயிரைக் காக்கும்.