கழுவுவதற்கு மட்டும்

போத்தனூரில் ஜெசிந்தா என்று ஒரு ஸ்ப்ரே மாஸ்டர் இருந்தார். வயது நாற்பதுக்குள். மரச்சாமான்களுக்குத் தின்னர் என்ற நெடியுள்ள கரைப்பான் இல்லாமல், தண்ணீரில் கரையும் பூச்சை அடிக்கக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவரிடம் கற்றுக்கொள்ள வந்த மயில்சாமிக்கு ஐம்பத்தாறு. மாஸ்டரை விடத் தலை நரைத்த சீடர்.

மயில்சாமி வெள்ளலூரில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் பூஜை அலமாரி செய்து விற்பவர். கார் வாங்கும் முன்பே ஷெட்டைக் கட்டிவிட்டார். கார் வரவில்லை, கம்ப்ரசர் வந்தது. இருபது வருடமாக அந்த ஷெட்டில் தின்னர் கலந்த பாலிஷை ஸ்ப்ரே கன்னில் ஊற்றி அடித்தார். ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி அம்சவேணி சமைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் இருமல் வந்தது. பிறகு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போக முடியவில்லை. பிறகு மாவு பிசைவதற்கே நடுவில் உட்கார வேண்டியிருந்தது. நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அம்சவேணியிடம் எதுவும் கேட்கவில்லை. மயில்சாமி பக்கம் திரும்பி, “நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?” என்றார்.

அம்சவேணி பல்லடத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்று சொன்னாள்: “கோவிச்சுட்டுப் போகலைங்க. வாசம் போனதும் சொல்லுங்க, வந்துடறேன்.”

அதனால்தான் மயில்சாமி மாஸ்டரிடம் வந்தார்.

“இதைக் கத்துக்க எத்தனை நாளாகுமுங்க, மாஸ்டர்?”

“ஒரு வாரம்.”

“அவ்வளவுதானுங்களா?”

“பழசை மறக்கத்தான் நாளாகும். அதுக்கு நான் பொறுப்பில்லைங்ணா.”

முதல் பாடத்தில் மாஸ்டர் ஒரு பலகையையும் ஈரத்துணியையும் கொடுத்தார். பலகையை நன்றாக நனைக்கச் சொன்னார்.

மயில்சாமி துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மரத்து மேல ஒரு சொட்டுத் தண்ணி படாம காப்பாத்தின கைங்க, மாஸ்டர்.”

“இன்னைக்கு அதுக்கு எண்ணெய்க் குளியல்னு நினைச்சுக்கங்க. எண்ணெய் மட்டும் கிடையாது.”

நனைத்ததும் மரத்தின் நார் எழுந்து, பலகை மூன்று நாள் தாடிபோல் சொரசொரத்தது. காய்ந்த பிறகு அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பூச்சு அடிக்க வேண்டும். தண்ணீர் கடைசியில் எழுப்பப் போகும் நாரை முதலிலேயே எழுப்பித் தேய்த்துவிட்டால் பூச்சு வழவழப்பாக நிற்கும். மயில்சாமிக்குக் கை பழகியது. முதல் பலகை முடிந்ததும் குனிந்து அதன்மேல் மூக்கை வைத்தார்.

“என்னங்ணா பண்றீங்க?”

“காஞ்சிருச்சான்னு பார்க்கறேனுங்க.”

“சாம்பார்ல உப்பு சரியான்னு பார்க்கற மாதிரி இருக்கு.”

மயில்சாமியும் சிரித்துவிட்டார். “தின்னர்ல மூக்குத்தானுங்களே கணக்கு. வாசம் நின்னா காஞ்சுதுன்னு அர்த்தம்.”

“தண்ணிக்கு என்ன வாசம்? புறங்கையை வைங்க. சில்லுனு இருந்தா உள்ள இன்னும் ஈரம்.”

ஒரு வாரப் பாடத்தை மயில்சாமி இரண்டு மாதம் படித்தார். போத்தனூருக்குப் போய் வந்துகொண்டே வீட்டு ஷெட்டிலும் புதுப்பூச்சை அடித்தார். மீதியிருந்த பழைய பாலிஷ் டின்களை, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அவர் செய்த வேப்பமர அலமாரி ஒன்று கண்ணாடிபோல் வந்தபோது பல்லடத்துக்குப் போன் செய்தார்.

“வாசம் சுத்தமா போயிருச்சு அம்சா. வா.”

அம்சவேணி தம்பியின் வண்டியில் வந்தாள். வாசலில் கோலம் இல்லாததைப் பார்த்து, “ஒரு புள்ளிகூடவா வைக்கத் தெரியாது?” என்று கேலி செய்தாள். கூடத்தைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போனாள். உள்ளே கால் வைத்தவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். இருமல் தொடங்கியது. தம்பி தண்ணீர் எடுத்து வந்தான். குடிக்க இடைவெளி கிடைக்கவில்லை.

அடங்கிய பிறகு கேட்டாள்: “இன்னும் அடிக்கறீங்களா?”

“சத்தியமா இல்லை. வந்து அலமாரியை மோந்து பாரு.”

அவள் மோந்து பார்த்தாள். “இதுல இல்லைங்க. வீட்ல இருக்கு. உங்களுக்குத் தெரியலையா?”

மயில்சாமி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். அந்த வாசமும் தெரியவில்லை.

“இதுக்குத்தான் அவ்வளவு தூரத்துல இருந்து அக்காவைக் கூட்டியாரச் சொன்னீங்களா, மாமா?” என்றான் தம்பி.

அம்சவேணி அவனை அதட்டினாள். ஆனால் அவனோடுதான் திரும்பிப் போனாள்.

மறுநாள் மயில்சாமி ஸ்ப்ரே கன்னை எடுத்துக்கொண்டு போத்தனூருக்கு வந்தார். உட்காரவில்லை.

“உங்க பூச்சுல என்னமோ கலந்திருக்குதுங்க, மாஸ்டர். தண்ணின்னு சொல்லி வித்துட்டாங்க. அவளுக்கு இருமல் வருது. இந்தக் கன்னும் கட்டி கட்டியா துப்புது.”

மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கன்னைக் கழற்றினார். உள்ளேயிருந்த சின்னச் சல்லடையை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் விழுந்தன. திரிந்த பால்போல் இருந்தது.

“எதுல கழுவறீங்க?”

மயில்சாமி குனிந்து அந்தக் கட்டிகளைப் பார்த்தார்.

“தண்ணியில கழுவினா இப்படித் திரியாதுங்ணா.”

“தண்ணியில கழுவினா மனசுக்கு ஒப்பலைங்க. சுத்தமான மாதிரியே இல்லை. அதனால தின்னர்ல ஒரு அலசு.” பிறகு அவசரமாகச் சொன்னார்: “அடிக்கறதுக்கு இல்லைங்க, மாஸ்டர். கழுவறதுக்கு மட்டும்.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“கழுவிட்டு எங்க காய வைப்பீங்க?”

மயில்சாமி வாசல் பக்கம் பார்த்தார்.

“ஜன்னல்ல.”

எந்த ஜன்னல் என்று மாஸ்டர் கேட்கவில்லை. “துடைச்ச துணி?” என்றார்.

“அதுவும் அங்கதானுங்க. கம்பியில.”

மயில்சாமி அப்போதுதான் உட்கார்ந்தார். முந்தின நாள் மனைவியிடம் சத்தியம் செய்தபோது அவர் பொய் சொல்லவில்லை. தின்னரை விட்டுவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. மாலையில் கன்னைத் தின்னரில் அலசியதை அவரும் அப்படித்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார். அவள் ஊரில் இல்லாத நாளெல்லாம் அவளுடைய ஜன்னலில் அந்தத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னைக்கே போய் அந்த டின்னைத் தூக்கிப் போட்டுடறேன்,” என்றார். “ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சுடறேன். சமையலறைச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கறேன். ஷெட்டையே வேணும்னாலும் இடிச்சுடறேனுங்க. அப்புறம் அவளுக்குச் சரியாயிடுமுங்களா?”

மாஸ்டர் எழுந்து அலமாரித் தட்டிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். குச்சியை உரசினார்.

“மாஸ்டர்!” மயில்சாமி துள்ளி எழுந்து கையை நீட்டிவிட்டார். ஸ்ப்ரே கன் இருக்கும் அறையில் இருபது வருடமாக அவர் ஒரு பீடியைக்கூடப் பற்றவிட்டதில்லை. எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. இந்த அறையில் இருந்ததெல்லாம் தண்ணீர்ப்பூச்சு. அவர் கையைக் கீழே போட்டார்.

மாஸ்டர் குச்சியை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். வாயைத் திறந்து ஊதினார்.

சுடர் சற்றுச் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது.

மாஸ்டர் காத்திருந்தார். தோள்கள் மேலே ஏறின. கழுத்து நரம்புகள் புடைத்தன. மறுபடி ஊதினார். சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்த முறை நெஞ்சு மட்டும் அசைந்தது. சுடர் அசையவில்லை. நெருப்பு விரலுக்கு வந்தபோது குச்சியைத் தண்ணீர்க் குவளையில் போட்டார்.

அது அணைந்த சத்தம் கேட்டது. மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். மாஸ்டர் எதையும் நறுக்கென்று இரண்டு வார்த்தையில் முடிப்பார். குரு என்றால் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று மயில்சாமி இத்தனை நாள் நினைத்திருந்தார்.

“ஒரு சோபா கம்பெனியில அடிச்சேன்,” என்றார் மாஸ்டர். நிறுத்தினார். “தின்னரை விட்டு ஒன்பது வருஷமாச்சு.”

மயில்சாமி குவளையில் மிதந்த குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு மேல அதிகமாகாமலாவது இருக்குமுங்களா?”

“என்னுது அதிகமாகலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியுமுங்ணா.”

வெளியே யாரோ மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் வாசல் பக்கம் கை காட்டிப் பொறுக்கச் சொன்னார். மயில்சாமி கன்னின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். பையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

“ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. வாசம் போயிருச்சான்னு கேப்பா. நான் என்னன்னு சொல்றதுங்க, மாஸ்டர்?”

“முதல்ல அவங்களை முழுசாக் கேட்டு முடிக்க விடுங்ணா,” என்றார் மாஸ்டர். மூச்சு வாங்கினார். “எங்களுக்கு ஒரு கேள்விக்கு ரெண்டு மூச்சு வேணும்.”