சேறில்லாத ஏரி

கோரை அடர்ந்த ஓர் ஏரியில் நீர்க்காகம் ஒன்று இருந்தது. ஊர் ஊராகப் பறந்துவிட்டு வந்து, சிறகை விரித்துக் காயவைத்தபடியே பெரிய பெரிய விஷயங்களாகப் பேசும். அதைக் கேட்காமல் அந்த ஏரியில் எதுவும் நடக்காது.

ஒரு நாள் அது எல்லோரையும் கூட்டியது.

"கடல் தாண்டிப் பூநாரைகள் வருகிறார்கள். அவர்கள் இறங்குகிற ஏரிதான் உலகத்தரமான ஏரி. நம் ஏரியில் இறங்க வேண்டாமா?"

"வேண்டும், வேண்டும்!" என்று தவளைகள் கத்தின. எதைக் கேட்டாலும் அவை அப்படித்தான் கத்தும்.

"அப்படியானால் இந்தக் கோரையை வெட்ட வேண்டும். சேற்றையெல்லாம் அள்ளிக் கரைக்கு அந்தப் பக்கப் பள்ளத்தில் கொட்ட வேண்டும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்."

கோரைக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த தாழைக்கோழி தலையை வெளியே நீட்டியது.

"அண்ணா, கோரை போனால் என் முட்டைகள் எங்கே போகும்?"

"உனக்கும் திட்டத்தில் இடம் இருக்கிறது, தங்கச்சி. அதே பள்ளத்தில்தான். நல்ல காற்றோட்டம்."

"சேறு கொட்டுகிற இடத்திலா?"

"சேற்றோடு பழகியவள்தானே நீ?"

தாழைக்கோழி இன்னொன்றும் கேட்டது. "வருகிறவர்கள் என்ன சாப்பிடுவார்கள், அண்ணா?"

நீர்க்காகம் மற்றப் பக்கம் திரும்பிச் சிறகைக் காயவைத்தது. "பெரிய இடத்து விருந்தாளிகளிடம் போய் இதையெல்லாம் கேட்பார்களா?"

வேலை தொடங்கியது. நண்டு சேற்றைத் தோண்டியது. கூழைக்கடா அதைத் தன் பை வாயில் அள்ளிப் பள்ளத்தில் கொட்டியது. கடைசி நடையில் முட்டைகளை ஏற்றினார்கள்.

தாழைக்கோழி கூடவே பறந்தது. "அண்ணா, வாயை மூடிவிடாதீர்கள்."

"ஆ" என்றது கூழைக்கடா.

"விழுங்கிவிடாதீர்கள்."

"ஆஆ."

"தும்மல் ஏதும் வருகிறதா?"

கூழைக்கடாவுக்கு அதுவரை வரவில்லை. கேட்ட பிறகுதான் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியப் பறந்து, முட்டைகளை மெதுவாக இறக்கி வைத்தது. அப்புறம் தும்மிய தும்மலில், சேற்றோடு வந்திருந்த நண்டு தூரப் போய் விழுந்தது.

தாழைக்கோழி அவசரமாக முட்டைகள்மேல் உட்கார்ந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

ஏரி நீலமாகப் பளபளத்தது. பூநாரைகளும் வந்து மேலே வட்டமிட்டன.

"வருக, வருக!" என்றது நீர்க்காகம்.

"அழகாகத்தான் இருக்கிறது. சேறு எங்கே?" என்று கேட்டது தலைமைப் பூநாரை.

"சுத்தமாக அள்ளிவிட்டோம்."

"சாப்பாட்டையுமா?"

நீர்க்காகம் விரித்த சிறகை மடக்கிக்கொண்டது.

"தலையைக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்துத்தான் நாங்கள் வயிறு கழுவுகிறோம், ஐயா. அதோ, அந்தப் பக்கம் வாசனை வருகிறது."

பூநாரைக் கூட்டம் பள்ளத்தில் இறங்கியது. நீண்ட நீண்ட கால்கள்! தாழைக்கோழி முட்டைகள்மேல் சிறகை விரித்தது.

"பார்த்துக் கால் வையுங்கள், அக்கா. இங்கே முட்டைகள் இருக்கின்றன."

தலைமைப் பூநாரை தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒற்றைக் காலிலேயே நின்றது. அது அப்படி நிற்கும்போதே முட்டை ஒன்று பொரிந்து, ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

மெல்ல மெல்ல எல்லோரும் பள்ளத்துக்கு வந்துவிட்டார்கள். மடைவழியே வந்த தண்ணீரோடு மீன்களும் வந்தன. மீனைத் தேடி நீர்க்காகமும் வந்தது. வந்ததும் சிறகை விரித்தது.

"அருமையான இடம். இதை மேம்படுத்த வேண்டும். முதலில் இந்தச் சேற்றை—"

தாழைக்கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. நண்டு நீர்க்காகத்தின் காலைக் கவ்வியது.

கூழைக்கடா வாயைத் திறந்தது. "எதை அள்ள வேண்டும் என்று இந்தத் தடவை எனக்கே தெரியும்." நீர்க்காகத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போய், நீல ஏரியின் நட்டநடுவில் தும்மிவிட்டு வந்தது.

நீர்க்காகம் கண்ணாடித் தண்ணீரில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பார்ப்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

குடியிருக்கிறவர்களைக் கேட்காமல், வரப்போகிறவர்களுக்காகக் கட்டுகிற ஊரில் கடைசியில் இருவருமே தங்குவதில்லை.