தெரியாதவர்களைத் தேடிப் போன மூவர்

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் மருதாசலம், நாச்சிமுத்து, அப்புக்குட்டி என்று மூன்று பேர் 'வாழ்க்கைப் பயிற்சி நிலையம்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு முன்னேறச் சொல்லித் தருவது தொழில். ஒரு வருஷத்தில் மாடிப்படி ஏறி வந்தது மெத்தைக் கடைப் பூனை மட்டும்தான். அதற்கும் பால் வைத்து, வாழ்க்கையில் என்ன குறை என்று பணிவாகக் கேட்டார்கள். அது சொல்லவில்லை.

மருதாசலத்தின் பாடுதான் திண்டாட்டம். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த அவன் மாமனார், மாசம் முடிவதற்குள் ஒரே ஒரு ஆளாவது பயிற்சியில் சேராவிட்டால் மாப்பிள்ளை மில்லுக்கு வந்து புண்ணாக்கு நிறுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மருதாசலத்துக்குப் புண்ணாக்கு வாசனை பட்டாலே தும்மல் வரும்.

கோயம்புத்தூரில் ஓர் ஆலோசகரைப் பார்த்தார்கள். செல்போனை வைத்துவிட்டு நாலு பேர் கூடும் இடத்துக்கு நேரில் போங்கள் என்றார் அவர். தெரிந்தவர்களோடு நிற்காதீர்கள், தெரியாதவர்களிடம் பேசுங்கள். உங்களைப் பற்றிச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். கொடுப்பதை வாங்கிக்கொண்டு மறுநாள் காலையிலேயே போய்ப் பாருங்கள். நல்ல மனுஷன், நல்ல புத்திதான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

மாசக் கடைசியில் ஒரு முகூர்த்தம் வந்தது. கல்யாண மண்டபத்துக்குப் போவதென்று முடிவாயிற்று. அங்கே நாலு பேருக்கு மேல் இருப்பார்களே என்று நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம். கூடுதலாக இருந்தால் பாதகமில்லை என்று மற்ற இருவரும் நெடுநேரம் யோசித்துச் சொன்னார்கள். அழைப்பிதழ் யாரிடமும் இல்லை. அதுவே வசதி, ஒருத்தரையும் தெரியாது.

நாச்சிமுத்து முதலில் கண்ணில் பட்டவரிடம் பேரும் ஊரும் கேட்டான். கேட்டதும் கலவரமாகி மருதாசலத்திடம் ஓடி வந்தான்.

"அவரு பேரு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாருடா. இனி அவரு எனக்குத் தெரிஞ்சவருதானே?"

"தெரிஞ்சவருதான்."

"அப்ப அவரு கூட நிக்கக் கூடாதே?"

"கூடாது. என் கூடவும் நிக்கக் கூடாது. போ."

அதிலிருந்து யார் பேர் சொன்னாலும் நாச்சிமுத்து கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தான். மத்தியானத்துக்குள் மண்டபமே தெரிந்தவர்களாகிவிட, வேறு வழியில்லாமல் வண்டி நிறுத்துமிடத்தில் போய்த் தனியாக நின்றான்.

அப்புக்குட்டியை ஒருவர், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாதே. அதை விடுங்க, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டான். கடைசி வரிசைக்கு ரசம் தேவை என்றார் அவர். பந்தி முடியும்வரை அப்புக்குட்டி ரச வாளியைக் கீழே வைக்கவில்லை.

மருதாசலம் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர், என்ன குறை, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று உருகி உருகி விசாரித்தான். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஆள் இப்படி விசாரித்தால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியவர் பூரித்துப் போய்ப் பையிலிருந்து மகளின் ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதை வாங்க வேண்டுமே, மருதாசலம் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும், ஆள் சிக்கிவிட்டது என்று மனைவி சிவகாமியிடம் சொல்லிவிட்டுப் பட்டுச் சட்டையில் கிளம்பிப் போனான். அவன் தலை மறைந்ததும் மாமனார் வந்து இறங்கினார். ஜாதகச் செய்தி காங்கேயத்துக்கு அதற்குள் போய்விட்டது. ஆபீஸ் சாவி வாங்க வந்த அப்புக்குட்டி வாசலில் நின்றிருந்தான். அவரை அவன் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளை எங்கே என்றார் மாமனார்.

"பொண்ணு வூட்டுக்குப் போயிருக்காருங்க. நேத்து ஜாதகம் வாங்குனாரு. இன்னைக்குப் போய்ப் பாக்கோணும்ங்கறது முறைங்க."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. மாமனார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தெரியாத மனுஷர், முகத்தில் துக்கம். அப்புக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன குறைங்க என்று கேட்டான்.

மடை திறந்தாற்போல் கொட்டினார். மில்லைப் பற்றி, எட்டிப் பார்க்காத மகன்களைப் பற்றி, இந்த மருமகனைப் பற்றி. அப்புக்குட்டி வாயே திறக்கவில்லை. வெயில் வாசலுக்கு வந்தபோது அவர் துண்டில் முகம் துடைத்துக்கொண்டு, தம்பி யார் என்று கேட்டார். அப்புக்குட்டி சொல்லவில்லை. சிவகாமிதான் உள்ளேயிருந்து சொன்னாள்.

"இத்தனை வருசத்துல என்ற பேச்சை யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க தம்பி," என்றார் மாமனார். "இதுதான் பயிற்சின்னா என்னைச் சேத்துக்கங்க. பொண்ணு வூட்டு விசயத்தை நான் பேசிக்கறேன். போர்டைக் கழட்ட வேண்டாம்."

சிவகாமி காபியோடு ஓடி வந்தாள். அப்புக்குட்டி எழுந்து கைகூப்பினான்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. இப்ப நீங்க எனக்குத் தெரிஞ்சவரு ஆயிட்டீங்க. உங்க கூட நிக்கக் கூடாதுங்க."

சாவியை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

மாசமும் முடிந்தது, சேர்ந்த ஆள் ஒருத்தரும் இல்லை. மறுநாள் மருதாசலம் மில்லில் தும்மிக்கொண்டே தராசுக்குப் பின்னால் நின்றான். முதலில் வந்தவரிடம் பழக்கத்தில், உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டான். புண்ணாக்கு என்றார் அவர். ஒரு வருஷமாக இப்படித் தெளிவாக யாரும் பதில் சொன்னதில்லை. உடனே மற்ற இருவரையும் வரவழைத்துக்கொண்டான்.

வியாபாரம் நன்றாகத்தான் போகிறது. இரண்டாவது தடவை வருகிறவர்களுக்கு மட்டும் மூவரும் புண்ணாக்குக் கொடுப்பதில்லை. அவர்கள் தெரிந்தவர்கள்.