ஈரக்கல் நிலையத்துப் பூங்குருவி

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் மனிதரோடு சரிக்குச் சரியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, மலைக்குப் புதிதாக ஒரு குட்டி ரயில் வந்தது. இரண்டடி அகலத் தண்டவாளம். ஏற்றத்தில் பாதி வழியிலேயே எஞ்சினுக்குத் தண்ணீர் தீர்ந்துவிடும். அதனால் சுனை ஊறுகிற இடமாகப் பார்த்து ஒரு தொட்டியும் தகரக் கூரை போட்ட ஓர் அறையும் கட்டி, ஈரக்கல் என்று பலகை நட்டார்கள். பக்கத்தில் ஊர் கிடையாது. அங்கே ஏறுகிறவரும் இல்லை, இறங்குகிறவரும் இல்லை.

அந்த நிலையத்துக்கு மீராசா என்பவரை அனுப்பினார்கள். அவர் கடற்கரைப் பட்டினத்துக்காரர், வாய் ஓயாமல் பேசுகிறவர். அவரைக் கொண்டுபோய்க் காட்டில் தனியே விட்டால் என்ன ஆகும்? முதல் மாதம் தொட்டியோடு பேசினார். இரண்டாம் மாதம் மாற்றல் கேட்டுக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். பிறகு ஒரு நாள், கருநீல நிறத்தில் ஒரு பூங்குருவி சன்னலில் வந்து உட்கார்ந்து, கடல் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டது. அதற்கப்புறம் அவர் கடிதமே எழுதவில்லை. அவர் கடலைச் சொன்னார், அது காட்டைச் சொன்னது. ஒரு தொண்டையில் ஒரு குரல்தான் தங்கும், இன்னொன்றை உள்ளே விட்டால் பழையது திரும்பாது என்கிற காட்டு வழக்கத்தையும் அதுதான் சொன்னது.

ஓர் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் பூங்குருவி நனைந்துபோய் வந்து சேர்ந்தது. கீழ் வளைவில் மலை சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது என்றது. தந்திக் கம்பியும் அறுந்து கிடந்தது. அன்றைக்குச் சந்தை நாள். நாற்பது பேரோடு வண்டி அடிவாரத்திலிருந்து கிளம்பியாயிற்று.

மீராசா சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆனால் சரிவு அவருக்கும் வண்டிக்கும் நடுவில் கிடந்தது. தாண்ட வழியில்லை. மூடுபனியில் கொடியும் தெரியாது. சீட்டியை எடுத்து மூச்சு முட்ட ஊதினார். எதிர்க்காற்று அதை மேலேயே தள்ளிக்கொண்டு போயிற்று. பூங்குருவி கீழே பறந்துபோய் ஓட்டுநரின் காதருகே கத்திவிட்டுத் திரும்பி வந்தது.

"எஞ்சின் இரைச்சலில் என் பேச்சு எனக்கே கேட்கவில்லை, அண்ணே. உங்கள் சீட்டிச் சத்தம் என்றால் அதைத் தாண்டிக் கேட்குமா?"

"கேட்கும். ஆனா அதைத் தொண்டையில எடுத்தா உனக்குப் பேச்சு வராதே."

"எனக்கு வராதது கிடக்கட்டும். உங்களோடு பேச யார் இருக்கிறார்கள்?"

கீழே எஞ்சின் மூச்சிரைக்கும் சத்தம் நெருங்கி வந்தது.

"நான் எப்படியோ இருந்துக்கிறேன். நீ போ" என்றார் மீராசா. நிறுத்தச் சொல்லும் சீட்டியை மூன்று முறை நீளமாக ஊதிக் காட்டினார். பூங்குருவி ஒரே ஒரு தடவை கேட்டுக்கொண்டு பனிக்குள் பாய்ந்தது.

ஓட்டுநர் சிங்கராயர் தன் காதை ஒட்டி மூன்று நீளச் சீட்டியைக் கேட்டார். வண்டியின் கார்டுதான் ஊதுகிறார் என்று நினைத்து, கேள்வி கேட்காமல் பிரேக்கைப் பிடித்தார். கிறீச்சிட்டு வண்டி நின்றது. பாறைக் குவியல் பத்தடி தள்ளி இருந்தது.

மழை விட்டதும் பயணிகள் எல்லோரும் காட்டுப் பாதை வழியாக ஈரக்கல்லுக்கு ஏறி வந்தார்கள். அந்த நிலையத்தில் அத்தனை மனிதக் கால்கள் பட்டது அதுவே முதல் தடவை. மீராசா அடுப்பு மூட்டி எல்லோருக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். நடந்ததைக் கேட்டுச் சிங்கராயர் கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். கூரைமேல் இருந்த பூங்குருவி ஏதோ சொல்ல வாய் திறந்தது. சீட்டிதான் வந்தது. மீராசாவின் முகம் ஒரு கணம் வாடிற்று. பிறகு உதட்டைக் குவித்து அவரும் திருப்பிச் சீட்டியடித்தார். அது தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு இன்னும் நீளமாக ஒன்று அடித்தது. அப்படியே பொழுது சாயும்வரை இரண்டு பேரும் ஓயவில்லை.

அன்றைக்குப் போன பேச்சுதான். இன்றும் பூங்குருவி விடிந்தும் விடியாமலும் மனிதரைப் போலவே சீட்டியடிக்கிறது. ஏற இறங்க யாருமில்லாத ஈரக்கல்லிலிருந்து கிளம்பும்போது, ரயிலும் அதற்கு நீளமாக ஒரு பதில் சொல்லிவிட்டே போகிறது.