மகுடேசன் மீசையும் நாப்பது புறாவும்

ராஜா அந்தச் சீட்டைப் பிரிச்ச நிமிஷம்தான் எல்லாம் கெட்டுப்போச்சு!

"என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து! தாய்மாமன் மடியில உக்கார வச்சு குத்தணும், ஓடி வான்னு எழுதியிருக்கா. என்னிக்கு? போன வெள்ளிக்கிழமை! சீட்டு இன்னிக்கு வருது!" பாதி படிச்சதோட கசக்கி வீசினான்.

முறையிட வந்த குயிலி சபை ஓரமா நின்னுக்கிட்டிருந்தா.

இருங்க, இவங்கெல்லாம் யாருன்னு சொல்லிடறேன். காலண்டரே இல்லாத காலத்துல, மலையாத்தூர் நாட்டை ஆண்டுகிட்டிருந்தவன் கடம்பராயன். காலையில ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு, அப்படியொரு ராஜா. அவன் நாட்டுல யாரு யாருக்குச் சீட்டு அனுப்பினாலும் மகுடேசன்னு ஒருத்தனோட புறாதான். வீட்டுக்கு வீடு ஓசியில புறா குடுத்தவன் அவன். ஓசின்னா விடுவாங்களா சனங்க? ஆனா புறாவோட குணம் தெரியும்ல? எங்க விட்டாலும் பொறந்த கூண்டுக்குத்தான் திரும்பும். அதனால நாட்டுல எழுதுற அத்தனை சீட்டும் முதல்ல மகுடேசன் கூண்டுல இறங்கும். அங்கிருந்து அவன் ஆளுங்க மனசு வச்சாத்தான் போற இடம் போகும்.

குயிலியும் புறா விட்டு சீட்டு அனுப்புறவதான், ஆனா அவகிட்ட இருந்தது நாப்பதே புறா. 'குயிலி புறாவுல சீட்டு அனுப்புங்க'ன்னு யாராவது யாருக்காவது எழுதினா, அந்தச் சீட்டே காணாமப்போகுது. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு வந்திருந்தா.

அவ வாயைத் திறக்குறதுக்குள்ள மகுடேசன் முந்திக்கிட்டான். ரெண்டு பக்கமும் தேள் கொடுக்கு மாதிரி முறுக்கிவிட்ட மீசை அவனுக்கு.

"தப்பு என் மேல இல்ல மகாராஜா! இந்த மாதிரி சில்லறை ஆளுங்க புறா விட்டு வானத்தையே சந்தையாக்கிட்டாங்க. பருந்து வருது, என் புறா வழி தப்புது. ஒரு சட்டம் போடுங்க. ஆயிரம் புறாவுக்குக் கம்மியா வச்சிருக்கவன் புறாவே விடக்கூடாது!"

"அட, சட்டம் வேணும்னு அவரே கேக்குறாரு, எவ்வளவு நல்ல மனசு!"ன்னு ஒருத்தன் உருகினான். மந்திரி திருமேனி மட்டும், "ஆயிரம் புறா வச்சிருக்கிறது நாட்டுல இவரு ஒருத்தர்தானே"ன்னு இழுத்தாரு.

ராஜா யாரு பேச்சையும் கேக்குற நிலைமையில இல்ல. "நாளைக்குக் காலையில சட்டத்துக்கு முத்திரை போடறேன். இவ புறா நாப்பதும் மடப்பள்ளிக்குப் போகட்டும்!"

கூடைகூடையா புறாவைத் தூக்கிட்டுப் போறாங்க. சமையக்காரன் வேற எட்டிப் பாத்து, "குழம்பா, வறுவலா மகாராஜா?"ங்கிறான்!

ஒவ்வொண்ணும் குயிலி பொட்டுக்கடலை ஊட்டி வளத்தது. அழுதா வேலைக்காகாதுன்னு நேரா ராஜா முன்னாடி போய் நின்னா.

"ஒரே ஒரு உதவி மகாராஜா. உங்க தங்கச்சிக்கு நீங்க ஒரு சீட்டு எழுதணும். அதையும் மகுடேசன் ஐயா புறாவுலயே அனுப்பணும். என்ன எழுதணும்னு உங்க காதுல மட்டும் சொல்றேன்."

சொன்னா. ராஜாவோட புருவம் மேல போச்சு. தானே எழுதி, அரக்கு முத்திரை வச்சு, புறா கால்ல கட்டிப் பறக்கவிட்டான்.

மகுடேசன் சிரிச்சான். "எழுதட்டும், எழுதட்டும். நம்மகிட்ட சீட்டு குடுத்தா பெத்த தாய்கிட்ட குடுத்த மாதிரி. நாங்க பிரிச்சே பாக்கமாட்டோம்."

மறுநாள் காலை. சபை நிறைஞ்சிருக்கு. முத்திரை தயார். மடப்பள்ளியில அம்மி அரைக்கிற சத்தம் குயிலி காதுல விழுது. மகுடேசனை மட்டும் காணோம். ஒருவேளை நான் நெனச்சது தப்போ? அந்த ஆளு நெஜமாவே பிரிக்கலையோ? குயிலி வாசலையே பாத்துக்கிட்டு நின்னா.

வந்தான். மூக்குக்குக் கீழ துண்டைச் சுத்திக்கிட்டு!

"என்னய்யா கோலம் இது?"ன்னான் ராஜா.

"பல்வலி மகாராஜா."

"துண்டை எடு."

எடுத்தான். சபையே வாயைப் பொளந்துச்சு. மொழுமொழுன்னு இருக்கு! அந்தத் தேள் கொடுக்கு மீசையைக் காணோம்!

"அது... குலதெய்வத்துக்கு வேண்டுதல். முடி எறக்கிட்டேன்."

குயிலி சட்டுன்னு கேட்டா. "வேண்டுதல்னா மொட்டைல்ல அடிப்பாங்க? தலைமுடி அப்படியே இருக்கே ஐயா! உங்க சாமி மீசையை மட்டும்தான் வாங்கிக்குமா?"

ராஜா மெதுவா எந்திரிச்சான். "நேத்து என் தங்கச்சிக்கு என்ன எழுதினேன் தெரியுமா? 'நாளைக்கு மீசையோட வந்து எவன் எது கேட்டாலும் குடுக்கமாட்டேன்'னு எழுதினேன். எழுதின எனக்கும் சொன்ன இவளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சுத்திப் பாரு, சபையில அத்தனை பேருக்கும் மீசை இருக்கு. உனக்கு யாருடா சொன்னது?"

மகுடேசன் துண்டை எடுத்து மறுபடியும் மூக்குக்குக் கீழ சுத்திக்கிட்டான்.

திருமேனி முந்தின நாள் கசங்கின சீட்டை எடுத்து வச்சிருந்தாரு. கடைசி வரியை அப்போ படிச்சாரு. "'அண்ணா, வரும்போது குயிலி புறா ரெண்டு வாங்கிட்டு வா.' சீட்டு ஏன் லேட்டுன்னு புரியுதா மகாராஜா?"

"இடிங்கடா அவன் கூண்டை!"

"வேணாம் மகாராஜா," குயிலி குறுக்க வந்தா. "நேத்து கோவத்துல என் புறா குழம்பாகப் பாத்துச்சு. இடிச்சா சனங்க சீட்டெல்லாம் நின்னுபோகும். வந்த சீட்டு அன்னிக்கே போகணும், சீட்டை ஊர்வாரியா அடுக்குறது தெருவுல, எல்லார் கண்ணு முன்னாடி. அவருக்கும் அதே சட்டம், எனக்கும் அதே சட்டம்."

ராஜா சிரிச்சுட்டான். "அப்படியே ஆகட்டும். மீசை முளைக்கிற வரைக்கும் மகுடேசனே தெருவுல உக்காந்து சீட்டு அடுக்கட்டும். குயிலி, இனிமே அரண்மனைச் சீட்டு உன் புறாவுல!"

நாப்பதும் திரும்பி வந்துச்சு. ரெண்டைக் குதிரைக்காரன் தங்கச்சி ஊருக்குக் கொண்டுபோனான். மூணாம் நாள் அதுல ஒண்ணு, கால்ல தங்கச்சி சீட்டோட, குயிலி கூண்டுல வந்து இறங்குச்சு. "ஒரு காதுதான் குத்தியிருக்கு. இன்னொரு காது உனக்காக வச்சிருக்கேன். சீக்கிரம் வா!"

சரி, உங்களைக் கேக்குறேன். செருப்பு அறுந்துபோச்சுன்னு தோழிக்கு மட்டும் போன்ல ரகசியமா எழுதியிருப்பீங்க, மறுநாள் எவனோ அதே போன்ல செருப்பு விளம்பரத்தோட வந்து நின்னிருப்பான். உங்களுக்கும் நடந்திருக்குதானே?